மெழுகுவர்த்தி என்ன விலை?

காதல் கதை எழுதுகிறவருக்கு மெழுகுவர்த்தியின் விலை எதற்கு? குறிப்பிட்ட ஒரு வருஷத்தில் இங்கிலாந்தில் மெழுகுவர்த்தி என்ன விலைக்கு விற்றது என்ற விவரம் ஜார்ஜெட் ஹேயரின் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. நிறங்கள், உடைகள், தொப்பிகள், வீட்டுச் சாமான்கள், விலைவாசி, கடைகள் என்று தலைப்புப் போட்டுத் தனித்தனியாகக் குறித்து வைத்திருந்தார். வேறு சில நோட்டுகள் முழுக்கப் பேச்சு வழக்குகள். ஒரு கோமகனை அவருடைய தம்பி எப்படிக் கூப்பிடுவார், வேலைக்காரர் எப்படிக் கூப்பிடுவார், கொஞ்சுவதற்கு என்ன சொல், சாப்பாட்டு மேஜையில் புழங்கும் சொற்கள் என்னென்ன என்று வகை வகையாக. அவர் இறந்தபோது வீட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரித்திர நூல்கள் இருந்தன. ஒரு பேராசிரியர் இத்தனையும் செய்திருந்தால் ஊர் அதை ஆராய்ச்சி என்று சொல்லியிருக்கும். ஹேயர் செய்ததன் பலன், பெண்கள் மத்தியானத்தில் சாய்ந்துகொண்டு படிக்கும் கதைப் புத்தகம் என்ற பெயர்தான்.

இந்திய நகரங்களில் லெண்டிங் லைப்ரரிகள் செழிப்பாக இருந்த காலத்தில் அவற்றின் வாசகர்களுக்கு ஹேயர் நன்றாகவே பழக்கம். மில்ஸ் அண்ட் பூன் அடுக்குக்குப் பக்கத்திலேயே அவரும் இருப்பார். அட்டையில் சாரட்டு வண்டி, உயரமான காலர் வைத்த கனவான், விசிறியோடு ஒரு பெண். கல்லூரி மாணவிகள் எடுத்துப் போவார்கள், அவர்களுடைய அம்மாக்களும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். எழுதியவர் யார், எப்படி இருப்பார் என்று யாருக்கும் தெரியாது. இங்கிலாந்திலேயே தெரியாது. திருமணத்துக்குப் பின் அவர் பெயர் திருமதி ரொனால்ட் ரூஜியே என்பதைப் பெரும்பாலான வாசகர்கள் 1974 ஜூலையில் வந்த இரங்கல் செய்திகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதிய அவர் ஒரு பேட்டிகூடக் கொடுத்ததில்லை. தன் சொந்த வாழ்க்கை தனக்கும் குடும்பத்துக்கும் மட்டும் சம்பந்தப்பட்டது என்பது அவர் கட்சி.

அந்தப் பிடிவாதத்துக்கு வியாபார ரீதியாக ஒரு காரணமும் உண்டு. 1926ல் அவருடைய ‘தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்’ நாவல் வெளிவந்த சமயம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். பத்திரிகை இல்லை, விளம்பரம் இல்லை, விமர்சனம் இல்லை. ஆனாலும் புத்தகம் 1,90,000 பிரதிகள் விற்றது. விளம்பரமே இல்லாமல் இவ்வளவு விற்குமானால் விளம்பரம் எதற்கு? அன்று எடுத்த முடிவைக் கடைசிவரை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பதிப்பாளர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை.

எழுத்து அவரிடம் வந்து சேர்ந்த விதம் வேறு. 1902 ஆகஸ்ட் 16ந் தேதி லண்டனை ஒட்டிய விம்பிள்டனில் பிறந்தவர். தம்பி போரிஸுக்கு ஹீமோஃபிலியா, அதாவது ரத்தம் சுலபத்தில் உறையாத நோய். படுத்திருக்கும் தம்பிக்குப் பொழுது போகவேண்டும் என்று பதினேழு வயது அக்கா கதை கட்டத் தொடங்கினார். வழிப்பறிக்காரனாக மாறிவிட்ட ஒரு பிரபுவின் கதை. அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. அச்சுக்குக் கொடுக்கச் சொன்னார். 1921ல் ‘தி பிளாக் மாத்’ என்ற பெயரில் அது வெளிவந்தபோது ஆசிரியைக்கு வயது பத்தொன்பது. அவர் சாகும்வரை அந்தப் புத்தகம் அச்சில் இருந்தது.

விளையாட்டாகத் தொடங்கியது நான்கே வருஷத்தில் குடும்பப் பாரமாக மாறியது. 1925ல் ரொனால்டுடன் நிச்சயதார்த்தம் நடந்தது. அடுத்த மாதமே, வருங்கால மாப்பிள்ளையோடு டென்னிஸ் விளையாடிவிட்டு வந்த அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பென்ஷன் இல்லை. தம்பிகள் இருவருக்கு வயது பத்தொன்பதும் பதினான்கும். அப்பா இறந்து இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது. ரொனால்ட் சுரங்கப் பொறியாளர். வேலை அவரை எங்கெங்கோ கொண்டுபோயிற்று. 1927ல் மனைவியும் தாங்கனீக்காவுக்கு, அதாவது இன்றைய தான்சானியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். யானைப் புல்லால் வேய்ந்த குடிசை, சுற்றிலும் காடு. அங்கே உட்கார்ந்து 18ஆம் நூற்றாண்டு லண்டனைப் பற்றி ‘தி மாஸ்கரேடர்ஸ்’ என்ற நாவலை எழுதினார். நூலகம் கிடையாது, சரிபார்க்கப் புத்தகம் கிடையாது. அப்படியும் அதில் காலப்பிழை ஒன்றே ஒன்றுதான்: ‘வைட்ஸ்’ என்ற லண்டன் கிளப்பை உண்மையில் அது தொடங்கியதற்கு ஒரு வருஷம் முன்பாகவே திறந்துவிட்டார்!

பிறகு மாசிடோனியா. அங்கே பல் வைத்தியர் மயக்க மருந்தைத் தப்பாகக் கொடுத்து உயிர் போகப் பார்த்தது. குழந்தை பெறுவதென்றால் லண்டனில்தான் என்று திரும்பிவிட்டார்கள். ரொனால்ட் ஊருக்கு வந்து ஒரு விளையாட்டுச் சாமான் கடை நடத்திப் பார்த்தார். பிறகு சட்டம் படித்து 1939ல் பாரிஸ்டர் ஆனார். இந்த வருஷங்களிலெல்லாம் வீட்டு அடுப்பு பெரும்பாலும் மனைவியின் டைப்ரைட்டரை நம்பித்தான் எரிந்தது. 1932லிருந்து வருஷத்துக்கு ஒரு காதல் நாவல், ஒரு துப்பறியும் நாவல் என்று கணக்கு வைத்துக்கொண்டார்.

துப்பறியும் கதைகளில் வேலைப் பிரிவினை இருந்தது. கொலை எப்படி நடந்தது என்ற முடிச்சைக் கணவர் போட்டுக் கொடுப்பார். மனிதர்களும் அவர்களுடைய பேச்சும் மனைவியின் பொறுப்பு. மகன் ரிச்சர்டின் கணிப்பில், அம்மாவுக்கு அந்தக் கதைகள் குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. காதல் நாவலில் மட்டும் யாருக்கும் பங்கு இல்லை. அங்கே தன் கதாநாயகர்களை இயந்திர மாடல்களைப் போல ‘மார்க் ஒன்று’, ‘மார்க் இரண்டு’ என்று கேலியாக வகைப்படுத்தி வைத்திருந்தார். முதல் ரகம் முரடன், கோபக்காரன், ‘ஜேன் ஐர்’ நாவலின் ரோச்செஸ்டருக்குத் தம்பி முறை. இரண்டாவது ரகம் சலவை மடிப்புக் கலையாத நாசூக்குப் பேர்வழி. தன் சரக்கு என்னவென்று அவரைவிடத் தெளிவாக அறிந்தவர் இல்லை.

இந்தச் சரக்குக்கு ஒரு சந்தையையே அவர்தான் உண்டாக்கினார். 1811லிருந்து 1820 வரை, மனநிலை குலைந்த மூன்றாம் ஜார்ஜுக்குப் பதிலாக அவருடைய மகன் ஆட்சி செய்த காலத்தை ரீஜன்சி என்பார்கள். ஜேன் ஆஸ்டினின் நாவல்கள் வெளிவந்ததும் அதே வருஷங்களில்தான். ஆனால் ஆஸ்டினுக்கு அது நிகழ்காலம். கதாநாயகி ஏறிப்போகிற வண்டிக்கு எத்தனை சக்கரம், எத்தனை குதிரை என்று அவர் விளக்கவேண்டியதில்லை, வாசகருக்கே தெரியும். 1935ல் ‘ரீஜன்சி பக்’ நாவலோடு அந்தக் காலத்துக்குள் நுழைந்த ஹேயர் ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கழுத்துத் துணியை எத்தனை விதமாகக் கட்டுவார்கள், பிரைட்டனுக்குப் போகும் வழியில் குதிரை மாற்றுவது எங்கே, எந்த விருந்துக்குத் துணையில்லாமல் போனால் ஒரு பெண்ணின் மானம் கப்பலேறும்? இவையெல்லாம் அலங்காரம் என்று தோன்றும். அவருடைய கதைகளில் இவைதான் எஞ்சின். ஒரு பெண் தனியாக ஒரு தெருவில் வண்டியோட்டிப் போனாள் என்பதே அந்தச் சமூகத்தில் ஒரு சம்பவம். அந்த விதி எவ்வளவு இறுக்கமானது என்று வாசகருக்குப் புரியாவிட்டால், அதை மீறுவதில் உள்ள சிரிப்பும் புரியாது, ஆபத்தும் புரியாது.

இந்தக் கறார்த்தனம் உச்சத்துக்குப் போனது 1937ல் வந்த ‘ஆன் இன்ஃபேமஸ் ஆர்மி’ நாவலில். வாட்டர்லூ யுத்தம் பற்றியது. வெலிங்டன் கோமகன் பாத்திரமாக வருகிறார். ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் அசாயேயிலும் சண்டை போட்டவராக நமக்குத் தெரிந்த அதே ஆர்தர் வெல்லெஸ்லி. அவருடைய நடை பிடிபடவேண்டும் என்பதற்காக அவர் கைப்பட எழுதிய ஒரு கடிதத்தை ஹேயர் விலைக்கே வாங்கினார். நாவலில் வெலிங்டன் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் நிஜத்தில் அவர் சொன்னதோ எழுதியதோதான் என்று உரிமையும் கொண்டாடினார். சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் வாட்டர்லூவைப் படிப்பவர்களுக்கு அந்த நாவலைச் சிபாரிசு செய்தார்கள். காதல் நாவலாசிரியை ஒருவருக்கு இதைவிட வினோதமான பட்டம் கிடைத்திருக்காது.

விற்பனையும் புகழும் இருந்தும் பணம் நின்றதில்லை. 1940ல் ‘தீஸ் ஓல்ட் ஷேட்ஸ்’ உட்பட நன்றாக விற்றுக்கொண்டிருந்த மூன்று நாவல்களின் காமன்வெல்த் உரிமையை வெறும் 750 பவுனுக்குப் பதிப்பகத்துக்கே விற்றார். கையில் உடனே காசு வேண்டியிருந்தது. போருக்குப் பிறகு வருமான வரி துரத்தியது. அரசாங்கக் கஜானாவுக்காகவே கதை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று கடிதங்களில் புலம்பினார். (மக்கள் நலத்துக்காக அந்த வரி செலவானதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அரசியலில் அவர் கெட்டியான பழைய கட்சி.) வரியைச் சமாளிக்க ஹெரான் என்ற பெயரில் ஒரு கம்பெனி வைத்துக்கொண்டு அதன் சம்பளக்காரராக இருந்தார். 1960களில் அந்தக் கம்பெனியின் 81 சதவீதத்தை வாங்கியது புக்கர் மக்கானெல் நிறுவனம். அருந்ததி ராய் 1997ல் வாங்கிய புக்கர் பரிசை 1969ல் தொடங்கிவைத்த அதே புக்கர். உயர்ந்த இலக்கியத்துக்குப் பரிசு கொடுத்த கம்பெனியின் பெட்டியில் காதல் கதைகளின் காசும் விழுந்துகொண்டிருந்தது.

1950ல் ஒரு வாசகி எழுதினார்: பார்பரா கார்ட்லண்டின் நாவல்களில் உங்கள் பாத்திரங்களின் பெயர்களும் சம்பவங்களும் வருகின்றனவே, கவனித்தீர்களா? ஹேயர் கவனித்தார். ஒப்பிட்டு விரிவான பட்டியல் தயாரித்து வக்கீல்களிடம் கொடுத்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போகவில்லை. பத்திரிகைகளுக்குக் கசிய விடலாம் என்று வக்கீல்கள் யோசனை சொன்னதற்கும் அவர் மசியவில்லை. அவருடைய ஆத்திரத்தில் பெரும்பங்கு, திருட்டைவிட அதிலிருந்த சரித்திரத் தவறுகளைக் கண்டு வந்தது. இன்னொரு எழுத்தாளரை அவர் பிடித்த விதம் இன்னும் சுவாரஸ்யம். ஒருவர் தன்னைத்தானே அசடாக்கிக் கொள்வதைக் ‘கேக்’ என்ற சொல்லை வைத்துச் சொல்லும் பழைய வழக்கு ஒன்றை, தனியாருக்காக அச்சிடப்பட்ட ஒரு நினைவுக் குறிப்பில் ஹேயர் கண்டெடுத்திருந்தார். அந்தப் புத்தகம் கடையில் கிடைக்காது. ஆகவே அந்த வழக்கு இன்னொருவரின் நாவலில் தென்பட்டால் அது எங்கிருந்து போயிருக்கும்? பொற்கொல்லர் தன் முத்திரையைக் கண்டுகொள்வது போல.

அவரைத் தமிழுக்குக் கொண்டுவர நினைப்பவர் திணறப்போவதும் இங்கேதான். கதை சுலபம், தமிழில் நாலு பக்கத்தில் சொல்லிவிடலாம். ஆனால் சூதாட்ட மேஜைச் சொல், குதிரை லாயச் சொல், குத்துச்சண்டைக்காரன் சொல், ஜேப்படித் திருடன் சொல் எல்லாவற்றையும் இளம் பிரபுக்களின் வாயில் போட்டு அவர் ஒரு பேச்சுமொழி செய்திருக்கிறார். அதற்கு ஈடாக எதை வைப்பது? ஜமீன் காலத்துத் தமிழை வைத்தால் வாசகர் ஜமீனுக்குப் போய்விடுவார். இன்றைய கல்லூரிப் பேச்சை வைத்தால் சாரட்டு மோட்டார் சைக்கிளாகிவிடும். காலத்தைச் சொல்லிலேயே பூட்டிவைத்த எழுத்து அது. ஒரு பதிப்பாளர் மொழி விஷயத்தில் ஏதோ திருத்தம் சொன்னபோது, ரீஜன்சி மொழியில் தனக்கு மிஞ்சியவர் இங்கிலாந்தில் இல்லை என்று பதில் போயிற்று. திமிர்தான். சொன்னது பொய்யல்ல.

ஆனால் மெழுகுவர்த்தி விலை தெரிந்தவருக்கு அதை வாங்கும் பணம் எங்கிருந்து வந்தது என்பதில் அவ்வளவு அக்கறை இல்லை. 1966ல் வந்த ‘பிளாக் ஷீப்’ நாவலின் நாயகன் இளமையில் செய்த ஒரு குற்றத்துக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவன், இருபது வருஷம் கழித்துப் பெரும் பணக்காரனாகத் திரும்புகிறான். இந்தியாவில் என்ன செய்தான், யாரிடம் சம்பாதித்தான்? நாவலுக்கு அது பெரிய விஷயமில்லை. தொப்பிக்கு இவ்வளவு ஆதாரம் தேடியவர் இதை ஒரு வசதியாக மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். ‘தி கிராண்ட் சோஃபி’யில் வரும் யூத லேவாதேவிக்காரனின் சித்திரம், யூதர்களுக்கு ஹிட்லர் செய்தது தெரிந்த பிறகு 1950ல் எழுதப்பட்டது என்பதை இன்று படிக்கும்போது கூச வைக்கிறது. அவருடைய காலத்து மேல்தட்டுக் கண்ணாடியை அவர் கழற்றியதே இல்லை.

தன் எழுத்தைப் பற்றி அவர் என்ன நினைத்தார்? 1943ல், போர் நடுவில், ‘ஃப்ரைடேஸ் சைல்ட்’ என்ற நாவலை எழுதியபோது, இப்படிப்பட்ட அபத்தத்தை எழுதியதற்குத் தன்னைச் சுட்டுத்தான் தள்ளவேண்டும் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். கூடவே ஒரு வரி சேர்த்தார்: விமானத் தாக்குதலுக்குப் பயந்து பதுங்கியிருக்கும்போதோ, காய்ச்சலில் கிடந்து எழும்போதோ தனக்கு இது பிடிக்கும் என்றுதான் நினைக்கிறார். கதை இதுதான். பணத்தைக் கரைத்துக்கொண்டிருக்கும் ஓர் இளம் பிரபு, அழகி ஒருத்தி மறுத்துவிட்ட கோபத்தில், முதலில் எதிர்ப்படும் பெண்ணைக் கட்டிக்கொள்வதாகச் சபதம் செய்கிறான். எதிர்ப்படுவது பதினேழு வயது அநாதைப் பெண். கட்டிக்கொள்கிறான். உலகம் தெரியாத மனைவி, பொறுப்பு தெரியாத கணவன், அவர்களைச் சுற்றி மூன்று அசட்டு நண்பர்கள். மனைவி வீட்டை விட்டுப் போன பிறகுதான் மடையனுக்குத் தன் மனசு தெரிகிறது. முக்கால்வாசிப் புத்தகம் தப்பான இடத்துக்குப் போவதும், தப்பான பில் வருவதும், நண்பர்கள் கூடி முழிப்பதும்தான்.

வாசகர் கடிதங்களை ஹேயர் பெரும்பாலும் சட்டை செய்ததில்லை. சரித்திர விவரம் பற்றி யாராவது உருப்படியாகக் கேட்டிருந்தால் பதில் போடுவார். ஆனால் ஒரு கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். ருமேனியாவில் அரசியல் கைதியாக இருந்த ஒரு பெண்மணி எழுதியது. பன்னிரண்டு வருஷச் சிறைவாசம். கூட இருந்த கைதிகளுக்குப் புத்தி பேதலித்துவிடாமல் இருக்க, அவர் ‘ஃப்ரைடேஸ் சைல்ட்’ கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கொட்டடியில் உட்கார்ந்து அந்தப் பெண்கள் எதைக் கேட்டிருப்பார்கள்? புரட்சியைப் பற்றியோ விடுதலையைப் பற்றியோ அதில் ஒரு வார்த்தை கிடையாது. தொப்பி வாங்கப் போனது, குதிரைப் பந்தயத்துக்கு ஆசைப்பட்டது, புருஷன் கோபித்தது, நண்பன் சமாதானம் செய்ய வந்து காரியத்தைக் கெடுத்தது. கதை சொன்னவரிடம் புத்தகம் இல்லை, நினைவுதான். நினைவில் நிற்கவேண்டுமானால் சம்பவங்கள் ஒன்றோடொன்று கொக்கி மாட்டியிருக்க வேண்டும். ஒரு கொக்கி தளர்ந்திருந்தாலும் சொல்பவருக்கே கதை மறந்துபோயிருக்கும். ஹேயர் அபத்தம் என்று ஒதுக்கியதன் தச்சுவேலை எவ்வளவு கெட்டி என்பதற்கு இதைவிட நல்ல விமர்சனத்தை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. உண்மையில் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதியதே குறைவு. 1969ல் நாவலாசிரியை ஏ.எஸ். பையட், நீங்கள் நினைப்பதைவிட இவர் நல்ல எழுத்தாளர் என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். அதற்குள் ஹேயர் எழுத வந்து நாற்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் மதிக்க விரும்பிய தன் புத்தகம் வேறு. ஐந்தாம் ஹென்றியின் தம்பி, பெட்ஃபோர்டு கோமகன் ஜான் பற்றி மூன்று பாக நாவல். அதற்காக வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்து எல்லையிலும் கோட்டை கோட்டையாகச் சுற்றினார். 1393லிருந்து 1435 வரை ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று அட்டை அட்டையாக எழுதி அடுக்கினார். எழுத உட்காருவார். வரி நோட்டீஸ் வரும், அல்லது பதிப்பாளர் இன்னொரு ரீஜன்சி கேட்பார். அட்டைகளை மூடி வைத்துவிட்டுப் பிரபுவையும் அநாதைப் பெண்ணையும் தேடிப் போவார். மறுபடி திரும்பி வந்தால் இழை அறுந்திருக்கும். இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் போயிற்று. பிடிக்காமல்போன தன் ஆரம்ப கால நாவல்கள் சிலவற்றை மறுபதிப்பு வராமல் தடுத்துவைக்க அவரால் முடிந்தது. பிடித்ததை முடிக்க நேரம் கிடைக்கவில்லை. 1973ல் லேசான பக்கவாதம். ஆயுள் முழுக்கச் சிகரெட் பிடித்தவர், 1974 ஜூலை 4ந் தேதி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார்.

முதல் பாகத்திலும் முற்றுப்பெறாத கைப்பிரதிதான் இருந்தது. ரொனால்ட் அதற்கு ஒரு முன்னுரை எழுதி, மனைவி சேர்த்த அட்டைகளைப் பற்றியும் அதில் சொல்லி, 1975ல் ‘மை லார்டு ஜான்’ என்று வெளியிட்டார். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார்.